கயிற்றைப் பிடித்த கை

செங்கம்மாளிடம் கடிகாரம் கிடையாது. பொன்னேரி பஸ் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பழவேற்காட்டுக்கு வந்து திரும்பும். அதன் ஹாரன் காதில் விழுந்ததும் புருஷனைப் புரட்டி மறுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைப்பாள். ஒரே பக்கம் கிடந்தால் உடம்பு புண்ணாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பஸ் ஓடாத இரவுகளில் தூக்கம் கலையும்போதெல்லாம் புரட்டினாள். ஐந்து மாதமாகியும் அவன் உடம்பில் ஒரு புண் இல்லை. குப்பத்தில் சிலர் அதைத் தியாகம் என்றார்கள். பெரிய வார்த்தை. அவளுக்கு அது வேலை. கருவாட்டை வெயிலில் புரட்டிப் போடுவதும் வேலைதானே.

புருஷன் பெயர் தேசப்பன். எழுபத்தாறாம் வருஷம் ஐப்பசியில், இறால் ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போன லாரியின் மேலே உட்கார்ந்து போனவன், ஒரு திருப்பத்தில் விழுந்தான். தலை ரோட்டில் மோதியது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கண் திறக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் திறந்தான். செங்கம்மாள் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். அவள் கத்தியது அதுதான் கடைசி.

இளவயது டாக்டர் ஒருவர் கையால் கோடு போட்ட தாளோடு வந்தார். கண்ணுக்கு இத்தனை, பேச்சுக்கு இத்தனை, கை காலுக்கு இத்தனை என்று மார்க்குப் போட்டார். பென்சிலால் நகத்தை அழுத்தினார், கை விலகிக்கொண்டது. எல்லாம் கூட்டி ஒன்பது என்றார்.

“எத்தினிக்கு சார் ஒம்போது?” என்று கேட்டான் தேசப்பனின் தம்பி குப்பன்.

“பதினஞ்சுக்கு.”

“அப்ப பாஸு அண்ணி! நான் இஸ்கோல்ல இவ்ளோ வாங்கினதே கெடயாது.”

டாக்டர் சிரிக்கவில்லை. “ஏம்மா, இவர் முழிச்சிருக்கார், வாஸ்தவம். உள்ளே இருக்காரான்னு எனக்குச் சொல்லத் தெரியலை.”

தன் விரலைத் தேசப்பனின் உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மூடிக்கொண்டன. செங்கம்மாள் எழுந்துவிட்டாள்.

“உக்காருங்க. எதை வெச்சாலும் மூடும். பொறந்த குழந்தை கை மாதிரி. விடுங்கன்னு சொல்லணும். சொல்லி விட்டார்னா, அது அவர்.”

விடச் சொன்னார்; விரல் விடவில்லை. மணிக்கட்டை உள்பக்கம் மெல்ல மடக்கினார். பிடி தானாகத் தளர்ந்தது. கண்ணுக்கும் ஒரு வழி சொன்னார். பத்து தடவை மூடச் சொல்லி, எத்தனை தரம் மூடுகிறது என்று எண்ண வேண்டும். பிறகு அதே அளவு நேரம் ஒன்றும் சொல்லாமல் எண்ண வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் சேதி அனுப்ப வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தினமும் எண்ணினாள். மூக்குக் குழாயில் கஞ்சித் தண்ணீர் ஊற்றி, துடைத்து, துணி மாற்றி, பிறகு எண்ணுவாள். கரியால் சுவரில் கோடு. சொன்னபோது நாலு, சொல்லாதபோது நாலு. மறுநாள் மூன்று, ஐந்து. குப்பன் முதல் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு, “நாலு தபா கேட்டுக்கினு மூடிக்கிறான் பாரு,” என்பான். அவளுக்கு அந்த வசதி இல்லை. இரண்டு வரிசையையும் போட்டவள் அவள்.

பங்குனியில் பாடு வந்தது. ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வதற்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணமான ஆம்பளைக்கு ஒரு பெயர். சீட்டுக்கு முன்னால் ஒவ்வொருவனும் வலைக்கயிற்றைக் கையில் பிடித்து ஒப்புக்கொள்ள வேண்டும். படுத்துக்கிடப்பவனுக்குக் கயிறு வீட்டுக்கு வரும். பிடித்தால் பெயர் நிற்கும். அவனுக்காகத் தம்பி வலை போடலாம். பிடிக்காவிட்டால் பெயர் போகும், அவன் வீட்டுக்கு ஏரியும் போகும். குப்பனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒரே படகு, ஒரே பெயர்.

குப்பத்துப் பெரியவர் திருமலை வலைக்கயிற்றை எடுத்துக்கொண்டு நாலு பேரோடு வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, தேசப்பனின் தலைமாட்டில் குந்தினார்.

“டேய் தேசப்பா, இன்னாடா, பாடு சீட்டுக்கு வர்றியா?”

தேசப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திருமலை கயிற்றை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

விரல்கள் மூடின.

“புடிச்சிக்கினான்!” குப்பன் குரல் உடைந்தது. வந்தவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

செங்கம்மாள் சுவரோரம் நின்றிருந்தாள். “மாமா,” என்றாள். “அது தானா மூடுற கை. கரண்டி வெச்சாலும் மூடும். உடச் சொல்லிப் பாருங்க. உட்டாத்தான் அறிவு கீதுன்னு டாக்டரு சொன்னாரு.”

“அண்ணி, சும்மா இரு!” குப்பன் பல்லைக் கடித்தான். “உன் வாய்ல மண்ணு போட்டுக்கினு நம்ம எல்லாத்துக்கும் போடாத.”

திருமலை அவள் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா செங்கம்மா, பாடு கீறவன் எவன் கயித்த உடுவான்? உடுறவனுக்குத்தான் பாடு இல்ல. புடிச்சானா இல்லியா, எங்களுக்கு அது ஒண்ணுதான் கேள்வி. உங்க டாக்டரு கேக்குற கேள்வி வேற.”

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. டாக்டர் சொன்னதிலும் முடியவில்லை.

“தேசப்பன் பேரு நிக்கிது,” என்று திருமலை வாசலில் நின்று உரக்கச் சொன்னார். குப்பன் அவர்களோடு போனான். போகும்போது அண்ணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றைத் தேசப்பனின் கையருகே அறுத்து, மீதியை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு முழம் அவன் கையில் நின்றது.

சந்தோஷம் வருமென்று கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை. இந்த வருஷம் அடுப்பு எரியும் என்பது மட்டும் தெரிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தாள். விடு என்று ஒரு சொல் சொன்னால் போதும். வீட்டில் வேறு யாரும் இல்லை. விட்டால் அவன் இருக்கிறான். விடாவிட்டால், அதுவும் பதில்தான். கண்ணை மூடச் சொல்லி ஐந்து மாதமாகக் கேட்டவள், இந்த ஒன்றை ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பஸ் ஹாரன் கேட்டது.

அவன் மணிக்கட்டை உள்பக்கம் மெல்ல மடக்கினாள். பிடி தளர்ந்தது. கயிற்றை உருவி ஆணியில் மாட்டிவிட்டு, அவனை இடப்பக்கம் புரட்டினாள்.