துணியில் எழுந்த கலையரங்கம்

நம்மூர்க் கலையரங்கத்தை நீங்கள் செங்கல்லும் சிமெண்டுமாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். நான் அதை முதலில் துணியாகப் பார்த்தேன். சுவர் துணி, கதவு துணி, மேடையும் துணி. மொத்தக் கட்டடமும் தரையோடு தரையாகக் கிடந்தது. கட்டி முடித்த பிறகு எத்தனையோ தடவை உள்ளே போய் வந்திருக்கிறேன். ஆனால் அந்தத் துணிக் கட்டடத்துக்குள் முதல் தடவை கால் வைத்தபோது வந்த மலைப்பு பிறகு வரவே இல்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. செல்போன் ஊருக்கு நாலைந்து பேரிடம் மட்டும் இருந்த காலம். ஊத்துக்குளி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற நம்மூரில் பாதிப் பேர் அப்போதே திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காலையில் கம்பெனி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். பொழுது இறங்கியபிறகு கொண்டுவந்து கொட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் லீவு. அந்த ஒருநாளிலும் காலை நீட்டிப் படுக்காமல் பெண்கள் சேர்ந்து கும்மி பழக ஆரம்பித்தார்கள்.

ஆரம்பித்துவைத்தவர் என் அத்தை. அம்மாவின் அண்ணன் மனைவி. கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. வாரமெல்லாம் பனியனைத் திருப்பித் திருப்பி ஓட்டை தேடுகிற கைகள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தட்ட ஆரம்பித்தால் பொதுக்களத்தில் மேய்கிற காக்காயெல்லாம் பறந்துவிடும். எட்டுப் பேரோடு தொடங்கியது ஒரு வருசத்தில் நாற்பது பேர் ஆனது. பக்கத்து ஊர்க் கோயில் நோம்பிகளுக்கெல்லாம் டெம்போ வைத்துக் கூட்டிப் போனார்கள். நானும் இரண்டு தடவை தொற்றிக்கொண்டு போனேன். ஆட்டம் எனக்கு ஞாபகமில்லை. ஆட்டத்துக்கு முன்னால் டெம்போவுக்குப் பின்பக்கம் நாலு பெண்கள் ஒரு சேலையை வளைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், நடுவில் ஒருத்தர் சேலை மாற்றுவார், அதுதான் ஞாபகம். காற்றடித்தால் பிடித்திருக்கிறவர்களும் சேலையோடு சேர்ந்து சுற்றுவார்கள். எனக்கு அது ஆட்டத்தைவிட வேடிக்கையாக இருந்தது.

நம்மூரிலேயே ஓர் அரங்கம் கட்ட வேண்டும் என்று பேச்சு வந்ததும் பெரியப்பாவைக் கமிட்டித் தலைவராக்கினார்கள். பொதுக்களத்தில் கட்டலாம் என்று முடிவானது. கம்பெனிக்குப் போகிற வீடுகளில் ஒரு வாரச் சம்பளம் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். மாடு வைத்திருந்தவர்கள் வெண்ணெய் விற்ற காசைத் தந்தார்கள். இஞ்சினியர் ஒருவர் பிளான் போட்டுக் கொடுத்தார். கோயில் முன்னால் அந்த நீலக் காகிதத்தை விரித்து வைத்து ஊரே சுற்றி நின்று பார்த்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எல்லாம் கோடு. ஒருத்தர் தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “ஏனுங், இது நம்ம வாய்க்காலுங்களா?” என்று கேட்டார். அது பார்வையாளர்கள் உட்காருகிற இடம்.

புரியாத கோட்டுக்கு யார் காசு கொடுப்பார்கள்? வசூல் அஸ்திவாரம் போடுகிற அளவோடு நின்றுபோனது. மீதிக்கு ஒரே வழி, இந்த ஊரில் பிறந்து திருப்பூரில் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி நடத்துகிற முதலாளி. பெரியப்பா போனில் பேசினார். முதலாளி இடத்தை வந்து பார்ப்பதாகச் சொன்னார். ஆனால் மேடையும், உட்காருகிற கூடமும், மேளம் மைக் வைக்க ஓர் அறையும் போதும், அதற்குமேல் ஓர் அறைகூட இழுத்துவிட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பிளானில் மேடைக்குப் பின்னால் இன்னோர் அறை இருந்தது. ஆட வருகிற பெண்கள் சேலை மாற்றுவதற்கு. பெரியப்பா பென்சிலை எடுத்து அதன்மேல் குறுக்குக் கோடு போட்டார்.

“ஏனுங்ணா, அதைய மட்டும் எடுக்காதீங்க” என்றார் அத்தை.

“உன்ற ஊடு கூப்புடு தூரத்துல கெடக்குது. கட்டிக்கிட்டு வந்தா ஆவாதா அம்மணி?”

“எனக்கு ஊடு இருக்குதுங்க. வெளியூர்ல இருந்து ஆட வர்றவிய எங்கீங்க போவாங்க? இன்னும் சேலையப் புடிச்சுக்கிட்டே நிக்கறதுங்களா?”

பெரியப்பா கோட்டை அழிக்கவில்லை. முதலாளி கோபித்துக்கொண்டு போய்விட்டால் மேடையும் கிடையாது, கூடமும் கிடையாது. அவர் பயம் அவருக்கு. அறை இல்லாவிட்டால் அந்த மேடையில் நான் ஆடமாட்டேன் என்று அத்தை சொல்லிவிட்டு எழுந்து போனார். கும்மிக்குப் பாட்டெடுத்துக் கொடுக்கிறவரே அவர்தான். அவர் இல்லாமல் மேடையில் யார் ஆடுவது?

அத்தையின் கணவரான மாமாவும் அங்கேதான் இருந்தார். அவர் பனியன் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். கழுத்தில் இஞ்ச் டேப்பைப் போட்டுக்கொண்டே தூங்குகிற மனிதர் என்று அம்மா கிண்டல் செய்வார். எல்லாரும் போனபிறகு அவர் நீலக் காகிதத்தைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“இத்துனூண்டு போட்டுக் காட்டுனா மொதலாளிக்கு மட்டும் என்ன தெரியும்? வெரலுக்குச் சட்டை தெச்சுக் காட்டுனா எவன் ஆர்டர் குடுப்பான்? ஆளு அளவுக்குப் போட்டுக் காட்டோணும்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை கம்பெனி வண்டியில் ஆறு மூட்டை வந்து இறங்கியது. பனியன் வெட்டும்போது ஓரத்தில் விழுகிற நீளநீளமான துண்டுத்துணிகள். மறுநாள் விடிந்தும் விடியாததுமாக மாமா களத்தின் நடுவில் ஒரு குச்சியை அடித்து அங்கிருந்து அளக்க ஆரம்பித்தார். காகிதத்தில் விரல் நீளம் இருந்தது தரையில் முப்பது அடியாக ஓடியது. சுவருக்குச் சிவப்புத்துணி. கதவு வருகிற இடத்தில் மஞ்சள். மேடைக்கு நீலம். காற்றில் பறக்காமலிருக்க நாங்கள் வேலாம் முள்ளை ஒடித்து வந்து துணியின்மேல் குத்தினோம். வெயில் ஏறுகிற நேரத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

என்னால் நம்பவே முடியவில்லை. நேற்றுவரை வெறும் களம். வறட்டி காயவைக்கிற இடம். இப்போது அதில் ஒரு கட்டடம் நின்றது. நின்றது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. சுவர் என் முழங்கால் உயரம்கூட இல்லை, விரல் தடிமன்கூட இல்லை. ஆனாலும் மஞ்சள் துணி வழியாக உள்ளே போய் நின்றால் உள்ளே இருக்கிறோம் என்று தெரிந்தது. குரல்கூடக் கொஞ்சம் மாறிக் கேட்ட மாதிரி இருந்தது. சைக்கிளில் வந்த அப்பா, எப்போதும் களத்தைக் குறுக்கே கடந்து வீட்டுக்குப் போகிறவர், அன்றைக்குச் சிவப்புத்துணி பக்கத்தில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுற்றிப் போனார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆடுகளுக்கு மட்டும்தான் சுவர் தெரியவில்லை.

அப்போது அத்தை வந்தார். மூட்டையில் மிச்சமிருந்த பச்சைத்துணியை உருவி, மேடைக்குப் பின்னால், பெரியப்பா பென்சிலால் அடித்துப்போட்ட இடத்தில், தானே குனிந்து, மஞ்சளில் ஒரு கதவும் வைத்து, ஓர் அறையைப் போட்டார். மாமா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக வந்து, டேப்பை உருவி, ஒரு பக்கத்தை அளந்தார். “மூலை கோணலா இருக்குது” என்று சொல்லி ஒரு முள்ளைப் பிடுங்கி நாலு விரல் தள்ளிக் குத்திவிட்டுப் போய்விட்டார்.

நான் ஓர் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு பச்சைத்துணிமேல் தாண்டி ஓடினேன். அத்தை காதைப் பிடித்துவிட்டார்.

“செவுத்துக்குள்ள பூந்து வர்றியே, நீ என்ன பேயா? வெளிய போடா. போயிக் கதவத் தட்டு.”

நான் வெளியே போனேன். மஞ்சள் துணிக்கு முன்னால் நின்று காற்றில் மூன்று தட்டு தட்டினேன்.

“யாரது?” என்றார் அத்தை. முகம் முழுக்கத் தெரிகிறது, இரண்டடி தூரத்தில் நிற்கிறார், ஆனால் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“நான்தானுங்கத்தை.”

“துணி மாத்தீட்டு இருக்கறோம். அப்பறமா வா கண்ணு.”

நான் காத்துக்கொண்டு நின்றேன். சத்தியமாக அங்கே ஒரு கதவு மூடியிருந்தது.

சாயங்காலம் முதலாளி வந்தார். அவ்வளவு நீளமான காரை நான் அதுவரை பார்த்ததில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஊரே திரண்டு நின்றது. “வெறுங் களத்துல என்னத்தப் பாக்கறது?” என்று சிரித்துக்கொண்டே இறங்கியவர், துணிகளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

“இது வாசலுங்க. செருப்ப இங்க உட்டர்லாமுங்க” என்றார் மாமா. முதலாளி செருப்பைக் கழற்றினார். “படி மூணுங்க, பாத்து” என்றார் மாமா. முதலாளி தட்டைத் தரையில் மூன்று தடவை காலை உயர்த்தி உயர்த்தி வைத்து மேடை ஏறினார். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. கூடத்துக்குள் சிவப்புத்துணிக்கு உள்ளே ஜனம் வரிசையாக உட்கார்ந்தது. மேடையில் நின்று அவர் எல்லாரையும் பார்த்தார். அப்புறம், தனக்குத்தானே பேசுகிற மாதிரி, “கடைசிக்குக் கேக்குங்களா?” என்றார்.

“கேக்குதுங்கோவ்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மேடையை விட்டு இறங்கி மேளம் வைக்கிற அறையைப் பார்க்கப் பின்பக்கம் போனார். குறுக்கே பச்சைத்துணி. உள்ளே அத்தையும் ஏழெட்டுப் பெண்களும் இருந்தார்கள். அன்றைக்கு ஆடிக் காட்டுவதற்காகத் தலையில் பூ வைத்துக்கொண்டும் காலில் சலங்கை கட்டிக்கொண்டும் இருந்தார்கள்.

“இது என்னுங்க?”

பெரியப்பாவுக்கு வேர்த்துவிட்டது. “இது கணக்குல இல்லீங்க, வெறும் துணிங்க. எடுத்துப்போடறமுங்க. நீங்க இப்புடியே தாண்டி வாங்க.”

முதலாளி தாண்டுவதற்குக் காலைத் தூக்கினார்.

“ஏனுங்ணா” என்றார் அத்தை முதலாளியிடம். சத்தம் போடவில்லை. எதிர்ப்பக்கத்து மஞ்சள் துணியைக் கையால் காட்டினார். “கதவு அக்கட்டால இருக்குதுங்க. உள்ள பொம்பளைங்க இருக்கறமுங்க.”

அத்தை வேலை செய்வதே அவருடைய கம்பெனியில்தான். இனிமேல் வேலைக்குப் போகமுடியாது என்றுகூட அம்மா என் தோளைப் பிடித்தபடி முணுமுணுத்தார். முதலாளியின் கால் அந்தரத்தில் இருந்தது. பச்சைத்துணிக்கு ஒரு சாண் உயரத்தில், வெறும் பாதம். நான் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் காலைப் பின்னால் எடுத்து வைத்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்ட ஒருத்தர் சட்டென்று திரும்புவாரே, அப்படி. பச்சைத்துணியை ஒட்டி, அதற்கு வெளியிலேயே, சுற்றிக்கொண்டு நடந்தார். அவர் பின்னால் கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக அதே வழியில் சுற்றிப் போனார்கள். கடைசியாகப் பெரியப்பா. துணியை ஒரு தடவை பார்த்தார், நின்றார், அவரும் சுற்றித்தான் போனார்.

கும்மி பார்த்துவிட்டு முதலாளி கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பெரியப்பாவிடம் சொன்னார்:

“அந்த ரூம்புக்குத் தாழ்ப்பாள உள்பக்கமா வெச்சிருங்க. நல்ல கெட்டியானதா.”

அவ்வளவுதான். காரில் ஏறிப் போய்விட்டார். அந்த ஒரு பேச்சில் அறைக்கும் கூடத்துக்கும் மேடைக்கும் மொத்தமாகச் சரியென்று சொல்லிவிட்டார் என்பது பெரியவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். எனக்கோ பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய காரில் வந்துவிட்டுத் தருவது ஒரே ஒரு தாழ்ப்பாளா?

அத்தையைத் தேடிப் போனேன். பச்சைத்துணிக்கு உள்ளே மண்ணில் உட்கார்ந்திருந்தார். சலங்கையைக்கூட அவிழ்க்கவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பெண்கள். ஏமாந்துபோய்த்தான் அழுகிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

“அழுவாதீங்கத்தை. நான் பெரியவனாகி வேலைக்குப் போயி உங்களுக்குப் பூட்டே வாங்கித் தர்றேன். இத்தச்சோடு பெருசா. வெளிய போட்டுப் பூட்டிச் சாவிய நானே வெச்சுக்கறேன். ஒருத்தரும் உள்ள வர முடியாது.”

ஒருத்தர் தொடங்க, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே, “சாவி உங்கிட்டயா? வேண்டாஞ் சாமி!” என்று சொல்லி மறுபடியும் சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தாழ்ப்பாளைவிடப் பூட்டுதானே கெட்டி? இந்தச் சின்ன விசயம்கூடத் தெரியாதவர் நாற்பது பேருக்கு எப்படிக் கும்மி சொல்லித்தருகிறார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.