தண்ணீர் பார்க்காத படகு

தங்கராசு திருப்புளியின் பிடியால் படகின் வலப்பக்கத்தைத் தட்டினான். டங்கென்றது. இடப்பக்கமும் டங்கென்றது. பின்பலகைக்கு வந்ததும் ஊறிய அட்டையைத் தட்டியதுபோல் சொத்தென்று கேட்டது. அதே இடத்தில் மறுபடி தட்டினான். இந்தத் தடவை டங்கென்றது.

"என்ன தம்பி, நல்லா இருக்கா?" என்றார் பிரபாவதி டீச்சர்.

"தெரியலைங்க டீச்சர். பாத்துகினு இருக்கேன்."

தங்கராசுக்கு ஊர் முத்தாண்டிக்குப்பம். நெய்வேலி மைன்ஸில் கான்ட்ராக்ட் வெல்டர். வேலை இல்லாத நாளில் லாரி டியூப்பில் உட்கார்ந்து பெருமாள் ஏரியில் வலை விடுவான். போன மழைக்காலத்தில் நடு ஏரியில் டியூப்பை முள் கிழித்தது. தண்ணீர் குடித்துக் கரையேறியவனிடம் அவன் மனைவி அன்புக்கரசி, படகு வாங்கு, இல்லையென்றால் மீனை மறந்துவிடு என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் வடக்குத்து என்ற ஊரில் ஒரு சின்ன ஃபைபர் படகு விலைக்கு இருப்பதாகத் தெரிந்தது. டீச்சரின் கணவர் சடையப்பன் மைன்ஸில் பர்மனென்ட் ஆள். போன வருஷம் இறந்துபோனார். வடக்குத்தில் வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்டாமல் ஒரு தகரக் கொட்டகை மட்டும் போட்டிருந்தார். படகு அதற்குள் கிடந்தது.

"வாங்கினதுல இருந்து ஒரு தடவகூட தண்ணியில இறக்கல" என்றார் டீச்சர். "டியூட்டி இல்லாத நாள்ல, நான் ஸ்கூலுக்குப் போனதும் இங்க வந்துடுவார். தேய்ப்பார், பெயின்ட் அடிப்பார். கேட்டா, ரிட்டயர் ஆனப்புறம் இறக்கலாம்பார்."

லோடு ஆட்டோ ஓட்டுகிற கூட்டாளி விஜயராஜும் தங்கராசும் சேர்ந்து படகைக் கவிழ்த்தார்கள். அடிப்பக்கம் நடுவில் பெயின்ட் தேய்ந்து ஃபைபர் நார் தெரிந்தது. மணலில் இழுத்த கோடுகள் நீளநீளமாக ஓடின. விளிம்பு இடுக்கில் ஒரு நத்தைக்கூடும் காய்ந்த பாசியும் ஒட்டிக்கொண்டிருந்தன.

தங்கராசுக்குத் தலை சுற்றியது. தண்ணீரே பார்க்காத படகில் நத்தை எப்படி வந்தது? டீச்சர் பொய் சொல்கிறார் என்றால் எதற்கு? மிதந்து காட்டிய படகைத்தானே யாரும் நம்பி வாங்குவார்கள்? அவர் முகமும் பொய் சொல்கிற முகமாக இல்லை. நிமிர்த்தி உள்ளே பார்த்தான். உட்காருகிற நடுப்பலகையைப் போலவே முன்பலகையிலும் ஓரிடத்தில் பெயின்ட் வழுவழுவென்று போயிருந்தது. இன்னொரு ஆளும் உட்கார்ந்து போயிருக்குமோ? இதைக் கேட்கலாமா கூடாதா என்று புரியாமல் நத்தைக்கூட்டை மட்டும் காட்டினான்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். முன்பலகையையும் பார்த்தார்.

"தண்ணியில போட்டுப் பாருங்க. நானும் வரேன்."

விஜயராஜின் ஆட்டோவில் ஏற்றிப் பெருமாள் ஏரிக்குக் கொண்டுபோய் இறக்கியதும் படகு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது. தங்கராசு ஏறி நடுவில் உட்கார்ந்தான். நேராக நின்றது. பின்பக்கம் துளி ஈரம் தெரிந்தது. தன் கால் ஈரமா, படகு ஒழுகுகிறதா? துண்டால் துடைத்துவிட்டுக் காத்திருந்தான். மறுபடி ஈரம். ஆனால் துண்டும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த பட்டம்மாள் தலை தூக்கினாள். "சாரு படகாச்சே இது. சார் எங்க, ரொம்ப நாளா காணோம்?"

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார். "அவர் தவறிட்டார். நான் அவர் சம்சாரம். அவர்கூட யார் வருவாங்க?"

பட்டம்மாள் வலையைக் கீழே வைத்தாள். "யாரும் இல்லீங்க, தனியாத்தான். ஒரு ஆட்டோவுல ஏத்திகினு வருவார். வலையும் கிடையாது, தூண்டிலும் கிடையாது. நடுவுல போயி முன்பலகை மேல காலத் தூக்கிப் போட்டுகினு படுத்துக்குவார். மதியத்துக்கு மேல கரைக்கு வருவார். மீன் குடுத்தாலும் வேணாம், வூட்ல கேப்பாங்கம்பார்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார் டீச்சர். "நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

பட்டம்மாள் வலையை மறுபடி கையில் எடுத்தாள். தங்கராசு இறங்கி இடுப்பளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்த நேரத்தில் ஒழுகலைப் பற்றிப் பேசலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நான் ஏறலாமா தம்பி?"

படகைக் கரையோரம் இழுத்து, கை கொடுத்து ஏற்றி, கோல் ஊன்றி நடு ஏரிக்குக் கொண்டுபோனான். டீச்சர் சேலையை முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுற்றிச்சுற்றிப் பார்த்தார். எங்கும் தண்ணீர், ஓரத்தில் கோரை, நாலைந்து நீர்க்காகம்.

"இங்க என்ன இருக்கு தம்பி?"

"காத்து வருதுங்க. வேற ஒண்ணும் இல்லீங்க."

அவர் முகத்தைக் காற்று வருகிற பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு குனிந்து பார்த்து, "கால் நனையுது" என்றார்.

ஒழுகத்தான் செய்தது. பின்பலகை ஓரத்தில் மயிரிழைபோல் ஒரு வெடிப்பு. டீச்சர் அதை விரலால் தடவினார். "அவர் வந்தப்பவும் இப்படித்தான் ஒழுகியிருக்குமா?"

"தெரியலைங்க டீச்சர்."

கரைக்கு வந்ததும் அவர் படகைத் திரும்பிப் பார்க்கவில்லை. "உனக்கு வேணுமா?" என்று மட்டும் கேட்டார். தங்கராசு வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "எடுத்துக்கறேங்க" என்று வந்தது.

நல்ல படகா என்று அன்புக்கரசி கேட்டாள். "மிதக்குது" என்றான்.

வெடிப்பை இரண்டு முறை அடைத்தும் ஈரம் முழுசாக நிற்கவில்லை. அடுத்த மாதம் டீச்சர் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு வரலாமா என்று கேட்டார்.

"வாங்க டீச்சர். வரும்போது ஒரு மக்கு மட்டும் எடுத்துகினு வாங்க. தண்ணி மொண்டு ஊத்த வேண்டியிருக்கும்."