ஊமத்தைச் சாறும் என் வலது கண்ணும்

ஐம்பதுகளின் கடைசியில் நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்கை விஞ்ஞானம் கற்பித்தேன். அழகுக்காகத் தலைமையாசிரியை வாசலில் அடுக்கு ஊமத்தை வளர்த்தார். வெளியே கத்தரிப்பூ நிறம், உள்ளே வெள்ளை. ஒரு புனலுக்குள் இன்னொரு புனல் செருகியது போன்ற பூ. தண்டு கவடு பிரியும் இடத்திலெல்லாம் ஒரு பூ நிற்கும். இலையின் இரு பாதியும் காம்பில் ஒரே இடத்தில் சேராமல், ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் நெய்க்காரப்பட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஆனாலும் அன்று பாடத்தை விடவில்லை. முள் மழுங்கிய காயைக் குறுக்கே அறுத்து, உள்ளே இரண்டு அறைதான், போலிச்சுவர் வந்து நாலாகக் காட்டுகிறது என்று மாணவிகளுக்கு விளக்கினேன். அறுத்த கையாலேயே வலது கண்ணோரத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். ஊமத்தையைத் தின்றால் பைத்தியம் பிடிக்கும் என்று தெரியும். தொட்ட விரலும் வேலை செய்யும் என்று தெரியாது.

மதியத்துக்கு மேல் வலது கண்ணில் எழுத்து கலங்கியது, வெயில் குத்தியது. தூசி என்று விட்டுவிட்டேன். வீட்டில் இருட்டறையில் வைத்து அண்ணி மையிட்டாள். அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

காப்பித் தட்டோடு நான் கூடத்துக்கு வந்ததும் மாப்பிள்ளையின் அக்கா என் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"ஏனுங்க, ஒரு கண்ணு மட்டும் முழுக்கக் கருப்பா இருக்குதுங்களே. பொறவியிலேயே இப்படிங்களா?"

வந்தவர்கள் காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்கள். கண்ணாடியைப் பார்த்தேன். வலது கண்மணி விரிந்து, பழுப்பு வளையமே காணாமல் போயிருந்தது.

மறுநாள் கண் டாக்டர், என்ன செடியைத் தொட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். ஊமத்தையின் இலை, பூ, விதை எல்லாவற்றிலும் ஹையோசின், அட்ரோப்பின் என்ற காரப்பொருள்கள் உண்டு, கண்மணியைச் சுருக்கும் தசையை அவை மரக்கச் செய்துவிடும், நாங்கள் கண்ணைச் சோதிக்க விடும் சொட்டு மருந்தும் அதுதான் என்றார். தானாகச் சரியாகிவிடும் என்று அனுப்பினார். அப்படியே சரியாயிற்று.

அப்பா வெங்காய மண்டிக்காரர். யார் வாசலிலும் போய் நிற்காதவர். எனக்காக நெய்க்காரப்பட்டிக்குப் போய் விவரத்தைச் சொன்னார். அவர்கள் மோர் கொடுத்து, "நம்பாம இல்லீங்க. ஆனா ஊருக்குள்ள பேச்சாயிருச்சுங்களே" என்று மரியாதையாகவே அனுப்பிவிட்டார்களாம். எங்கள் தெருவிலும் பேச்சு பரவியது. எதிரே வரும் பெண்கள் முதலில் என் வலது கண்ணைத்தான் பார்த்தார்கள். நான் குடையைத் தாழ்த்திக்கொண்டு நடக்கப் பழகினேன்.

இரண்டு வருஷம் கழித்து எரியோட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. நான் வந்து உட்கார்ந்ததும், யாரும் கேட்காமலே அப்பா எழுந்து ஜன்னல் கதவை முழுக்கத் திறந்துவிட்டார்.

"ரெண்டு கண்ணையும் நல்லாப் பாத்துக்குங்க. பெறகு ஒரு சொல்லு வரக் கூடாது."

வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். மாட்டுச் சந்தையில் நிற்பதுபோல் எனக்குக் கூசியது. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்; அவருக்கும் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அந்த இடமே முடிவாகி, அவரையே கட்டிக்கொண்டேன். ஆனால் அன்று அவர்கள் வண்டி ஏறிப் போகும்வரை என்னால் அப்பாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அவரும் என்னைப் பார்க்காமல் மண்டிக்குக் கிளம்பிவிட்டார்.