தூத்துக்குடி வண்டியின் முன் பெட்டி

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்கு ஐம்பது கிலோமீட்டர். ஜன்னலோர இருக்கை கிடைத்தும் வழியெல்லாம் வெயில் என் பக்கமே விழுந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான் அமையும். மதியம் மூன்று மணிக்குப் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி, மில்லர்புரத்துக்கு நூறு ரூபாய் பேசி ஆட்டோவில் ஏறினேன்.

"என்ன சோலியா வந்திய சார்?" என்றார் ஓட்டுநர்.

"ரயில் விபத்து பற்றிப் பேச வந்திருக்கிறேன்."

"ரயிலு கவுந்துட்டா? எப்ப?"

"ஐம்பத்தாறில்."

"நல்லாப் பயங்காட்டுனிய," என்றார்.

ஐந்து மணிக்கு ஒரு நூலகத்தின் மாடியில் கூட்டம். பாதி நாற்காலிகள் நிறைந்தன. என் பேச்சுக்கு அதுவே அதிகம். 1956 நவம்பரில் சென்னையிலிருந்து இந்த ஊருக்கு வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ், அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் விழுந்த கதையைச் சொன்னேன். எஞ்சினும் முன் பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. பின் பெட்டிகள் கரையில் தப்பி நின்றன.

பேச்சு முடிந்ததும் மளிகைக் கடைக்காரர் ஒருவர் எழுந்தார். பக்கத்தில் அவர் மகள், காலடியில் பயணப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

"சார், எங்க தாத்தா அந்த வண்டில பின் பெட்டில வந்தாவ. அதுலருந்து எங்க வீட்டுல ஒருத்தரும் முன் பெட்டில ஏறுறது கெடயாது. நாளைக்கு மெட்ராஸ்ல இவ வேலைல சேரணும். ராத்திரி வண்டிக்கு எஞ்சினை ஒட்டித்தான் எடம் கெடச்சிருக்கு. ஏறலாமா?"

அன்று பாலத்தைத் தின்றது வெள்ளம், பெட்டியில் ஒரு குற்றமும் இல்லை, இன்று பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை.

ரயில் நிலையத்தில் மறுபடி அவர்களைப் பார்த்தேன். மறுநாள் சென்னையில் எனக்கு வேலை இருந்ததால் நானும் அதே வண்டிதான். முன் பெட்டி வாசலில் மகள் நின்றாள். அவர் அவளுடைய பயணப் பெட்டியின் கைப்பிடியை விடவில்லை.

"எப்பா, காலைல பத்து மணிக்கு அங்க நிக்கணும். போகலன்னா வேற ஆள எடுத்துருவாவ."

"போனாப் போவுது. வா வீட்டுக்கு."

என் இடம் கடைசிப் பெட்டியில். மாற்றிக்கொள்ளலாம் என்றேன். சொன்ன பிறகுதான் எஞ்சினை இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். பயமில்லை என்று மாலையில் சபையில் அடித்துச் சொன்னதும் இதே வாய்தான். அவர் முகம் மலர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கத் தொடங்கினாள். நான் முன் பெட்டிப் படியில் கால் வைத்தேன்.

"சார், உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காவ?"

"மனைவி. ஒரு பையன். ஏன்?"

அவர் என் தோளைப் பிடித்துப் படியிலிருந்து கீழே இறக்கினார்.

"தாத்தா பின் பெட்டில இருந்தாவன்னு சொல்லிச் சொல்லியே வளந்தோம். முன்னால இருந்தது யாருன்னு ஒரு நாளும் கேட்டதில்ல." பிறகு மகளைப் பார்த்து, "ஏளா, திரும்பி வா. ஒன் எடத்துக்கே போ," என்றார்.

நான் கடைசிப் பெட்டிக்கு நடந்தேன். வண்டி நகர்ந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்ற இடத்திலேயே அவர் நின்றிருந்தார். மகளின் பெட்டி கடந்துபோன பிறகும் கையை இறக்கவில்லை. அடுத்தடுத்து வந்த ஒவ்வொரு பெட்டிக்கும் அசைத்துக்கொண்டிருந்தார், என் ஜன்னல் வரும்வரை.