தொகுஜி அத்தானின் நடுக்கிளை

எங்கள் ஊரில் பிப்ரவரி மாதத்து வடகாற்று எலும்பைச் சுரண்டும். அந்தக் காற்றில் ஒரு மரத்தை வேனில் ஏற்றிப்போய், அன்றைக்கே திரும்ப ஏற்றி வருகிற வேலை வருஷா வருஷம் என் தலையில் விழும். மரம் முழங்கை உயரம்தான். தட்டையான நீலத் தொட்டியில் குட்டையாக வளர்த்த ஒரு கெயாகி மரம், போன்சாய். அது ஒன்றும் கனமில்லை. அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வருகிறாரே ஓர் ஆள், அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் பாரம். போகும்போது ஒரே பேச்சு. வரும்போது தும்மல்கூட வராது.

அவர் என் அக்கா மசுவேயின் புருஷன், குரிஹாரா தொகுஜி. பஸ் டிரைவர். நான் சுவர் பூசுகிறவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். சுவர் கோணலென்றால் கோணல் என்பேன், நேரென்றால் நேர் என்பேன். மரத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. வேன் வைத்திருக்கிற குற்றத்துக்காகத்தான் இந்தக் கதைக்குள் வந்து மாட்டினேன்.

அத்தான் வண்டியில் ஏறினால் வெள்ளைக் கையுறை மாட்டி, ஒவ்வொன்றாக விரல் நீட்டி வாயால் சொல்லிப் பார்ப்பார். கதவு, சரி. கண்ணாடி, சரி. வலது பக்கம், சரி. டிரைவர்களுக்கு அது சட்டம். இவருக்கு வீட்டிலும் அதுதான். அடுப்பை அணைத்துவிட்டு அடுப்பைப் பார்த்து விரல் நீட்டி, "அடுப்பு, சரி" என்பார். கல்யாணமான புதிதில் அக்கா பயந்தே போனாளாம்.

மரத்தை அவர் விலை கொடுத்து வாங்கவில்லை. டிப்போ கூரையின் மழைத்தண்ணீர்த் தகரத்தில் சேறு படிந்து, அதில் தானாக முளைத்தது. சுத்தம் செய்ய ஏறின ஆள் அதைப் பிடுங்கி வீசப்போனபோது அத்தான் தடுத்து, டீ கப்பில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"என்னங்க இது, களையா?" என்றாள் அக்கா.

"கெயாகிடி. என் ரூட்ல நிக்குதே, அந்த மரம்."

ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் ரூட்டில் இரண்டு பக்கமும் கெயாகிதான். இலை உதிர்ந்துவிட்டால், தலைகீழாக நட்டுவைத்த துடைப்பங்கள் வானத்தைப் பெருக்குகிற மாதிரி இருக்கும். அந்த வடிவத்தைத் தொட்டிக்குள் கொண்டுவருவதைத் துடைப்பப் பாணி என்பார்கள். கேட்கச் சுலபம். நேரான அடிமரம். அதன் தலையில் ஒரே இடத்திலிருந்து விரியும் கிளைகள். ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து, அதுவும் பிரிந்து, நுனிக்குப் போகப் போகத் தலைமுடி மாதிரி மெலிய வேண்டும். ஒன்று தடித்தாலும் போச்சு. பைன் மரம் வளர்க்கிறவன் கோணல் கிளையைக் காட்டி, "மலைக்காத்து அடிச்ச மரமுங்க" என்று கதை விடலாம். துடைப்பத்தில் அந்தச் சலுகை கிடையாது. அதிலும் எங்கள் ஊர்ப் போன்சாய்க் கண்காட்சி நடப்பது இலையில்லாத காலத்தில். மரம் அம்மணமாக நிற்கும். மறைக்க ஒன்றும் இருக்காது.

நாற்று சுத்தியல் பிடி தடிமனுக்கு வந்ததும், அத்தான் அதன் தலையை ரம்பத்தால் அறுத்தார். அப்படித்தான் செய்ய வேண்டுமாம். வெட்டின வாய் வீங்கிவிடாமல் சுற்றிக் கயிறு கட்டினார். பிறகு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டு வேலிச்செடியெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. இது மட்டும் குச்சியாக நின்றது.

"எள்ளு அரைக்க ஒரு உலக்கை வேணும்னு இருந்தேன். அதைக் குடுத்துடுங்களேன்" என்றாள் அக்கா. அவர் அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை.

ஒருநாள் நான் சாரத்தின் மேல் நின்று பூசிக்கொண்டிருக்கும்போது போன். "மாப்ள, வந்துருச்சு."

"யாரு வந்தாங்க, அத்தான்?"

"தளிரு. சிவப்பா, அரிசி மாதிரி."

நான் போனை வைத்துவிட்டேன். கையெல்லாம் சுண்ணாம்பு. ஆனால் அந்தக் குரலை மறக்க முடியவில்லை. அக்காவுக்குப் பெண் பிறந்தபோதுகூட அவர் அப்படிப் பேசவில்லை.

மற்ற தளிர்கள் அதற்கப்புறம்தான் வந்தன. முதலில் வந்தது வெட்டுவாயின் ஓரத்தில்தான் முளைத்தது என்றாலும், நேரே மேலே போய் நடுவைப் பிடித்துக்கொண்டது. மற்றவற்றில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்து நறுக்கினார். முதல் தளிரின் பக்கம் கத்தரி போகவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை அந்த மரத்தோடுதான். வசந்தத்தில் கெயாகி தளிர்விடும்போது தினமும் நுனி கிள்ள வேண்டும். ஒரு நாள் விட்டாலும் தளிர் ஓடிவிடும், ஓடினால் தடித்துவிடும். விடிகாலை ஷிப்டுக்கு முன்னால், மூக்குக்கண்ணாடியும் இடுக்கியுமாகக் குந்தியிருப்பார். ஊரே செர்ரிப் பூவின் கீழே பாய் விரித்துச் சாகே குடிக்கிற நாட்கள் அவை. "எல்லாரும் பூவைப் பாக்கறாங்க. நான் இந்த மனுஷனோட முதுகைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்பாள் அக்கா. குளிர் வந்தால் கிளைகளையெல்லாம் மேல்நோக்கிச் சேர்த்து மெத்தென்ற கயிற்றால் கட்டுவார், மேலே நோக்கியே பழகட்டும் என்று. கண்காட்சிக்குச் சில வாரம் முன்பு கட்டை அவிழ்ப்பார்.

கண்காட்சிக்கு முதல் நாள் சமூகக்கூடத்தில் மரங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். போன்சாய் சங்கத் தலைவர் நெமோதோ. முடிவெட்டுகிறவர். பூனை நடை, பூனைப் பேச்சு. அத்தானின் மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். முதல் வருஷம், "வேர் பிடிச்சிருக்கற அழகே அழகு" என்றார். அப்புறம் குனிந்து வணங்கி, "அடுத்த வருஷமும் ஆசையா எதிர்பாக்கறோம்" என்றார். அவ்வளவுதான். மரம் மறுபடியும் என் வேனுக்கு வந்துவிட்டது.

அடுத்த வருஷம் பாசியைப் புகழ்ந்தார். அதற்கடுத்து தொட்டியை. எங்கள் ஆட்களிடம் எனக்கு எரிச்சலே இதுதான். குறையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நல்லதையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். எதைச் சொல்லாமல் விட்டார்களோ அதை நாம் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அத்தான் என்ன செய்தார்? வேரைப் புகழ்ந்தார்களா, வேரை இன்னும் அழகாக்கினார். பாசியைப் புகழ்ந்தார்களா, பாசியை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டினார். நல்லாயிருப்பதையே நல்லாக்கிக்கொண்டிருந்தார். மரத்தின் முன்னால் நின்று விரல் நீட்டுவார். "வேர், சரி. பாசி, சரி. தொட்டி, சரி. கட்டு, சரி." பிறகு தலையைச் சொறிவார். "என்னதான்டா மாப்ள குறை?"

"எனக்கென்ன தெரியும்? அவனைக் கேளுங்க."

"அப்படியெல்லாம் கேக்கக் கூடாது."

இதோ, இப்படித்தான். அவன் சொல்ல மாட்டான், இவர் கேட்க மாட்டார். பெட்ரோல் என்னுடையது.

இந்த வருஷம் கூடுதலாக ஒரு வம்பு. மார்ச்சோடு அத்தானுக்குப் பணி ஓய்வு. போன வருஷம் நெமோதோ வழக்கத்தைவிட அதிகமாகவே புகழ்ந்துவிட்டார், நுனிக்கிளையெல்லாம் சிலந்தி நூல் மாதிரி இருக்கிறதென்று. அதை நம்பி இவர் டிப்போ ஓய்வறையில் கண்காட்சி நோட்டீஸை ஒட்டி, "ஞாயித்துக்கிழமை வாங்க, என் மரத்தைப் பாருங்க" என்று எல்லோரிடமும் சொல்லியும் வைத்துவிட்டார். வாழ்நாளில் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகப் பேசாத மனுஷன். அந்தத் துடைப்பம் கூரைத் தகரத்தில் முளையாக இருந்தபோதே பார்த்தவர்கள் டிப்போக்காரர்கள்தான். வேலையை விடுகிறதுக்குள் அவர்களுக்கு ஒருமுறை முழுசாகக் காட்டிவிட வேண்டும் என்பதுதான் ஆசை.

வேனில் அன்றைக்கும் ஒரே பேச்சு. கூடத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்தது. நெமோதோ சுற்றி வந்தார். வேர், பாசி, தொட்டி, அடிமரத்தின் பட்டை, நுனிகள். புகழ்ந்து முடித்துவிட்டு இடுப்பை வளைத்தார். "அடுத்த வருஷமும்..."

எனக்கு மண்டைக்குள் ஏதோ அறுந்தது. "ஐயா, கொஞ்சம் நில்லுங்க. எது சரியில்லன்னு சொல்லித் தொலைங்களேன். இவரு டிப்போ முழுக்கச் சொல்லி வெச்சிருக்காரு."

"மாப்ள!" என்று அத்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

நெமோதோ சிரித்தார். "அப்படியொண்ணும் இல்லீங்க. காலம்தான். மரத்துக்குக் காலம் வேணும்..."

மூலையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த பல் டாக்டர் இசொகாய், பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "அந்தப் புகைபோக்கி இல்லேன்னா, போன தடவையே உள்ள போயிருக்கும்."

கூடம் முழுக்கக் கேட்டது. ஆளாளுக்குத் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"எந்தப் புகைபோக்கி?" என்றார் அத்தான்.

டாக்டர் ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

"நடுவுல இருக்கறதுங்க" என்றார் நெமோதோ கடைசியில், தரையைப் பார்த்து. "ஊர்ப் பொதுக் குளியல் கூடத்துப் புகைபோக்கி மாதிரி... சும்மா விளையாட்டுக்குச் சொல்றது."

அத்தான் மரத்தின் பக்கம் திரும்பி விரலை நீட்டினார். விரல் நடுக்கிளையில் போய் நின்றது. வாய் திறந்தது, ஆனால் "சரி" வரவில்லை. எனக்கே இப்போதுதான் தெரிந்தது. மற்ற கிளைகள் விசிறி மாதிரி மெலிந்து விரிய, நடுவில் ஒன்று மட்டும் பென்சிலைச் செருகின மாதிரி, மொத்தச் சத்தையும் உறிஞ்சிக்கொண்டு நேராக நின்றது. ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"நீங்க வேணும்னே வெச்சிருக்கீங்கன்னு நினைச்சோம்" என்றார் ஒருத்தர்.

"உங்க மனசுல ஏதாவது காரணம் இருக்கும்னு" என்றார் இன்னொருத்தர்.

"பேரே வெச்சிட்டீங்க. வருஷக்கணக்கா ஒரு வார்த்தை சொல்லல." அத்தானின் காது சிவந்திருந்தது. "நான் பாசி ஒட்டிக்கிட்டிருந்தேன்!"

மடை திறந்த மாதிரி இப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அடியோடு வெட்டணும் என்றார் ஒருவர். பாதியில் வெட்டணும் என்றார் இன்னொருவர். பசை தடவணும், குழிவாக நறுக்கணும். இத்தனை அறிவையும் இத்தனை வருஷம் எந்தப் பொந்தில் வைத்திருந்தார்களோ. நெமோதோ ஓடிப்போய்த் தன் குழிக்கத்தரியைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். அத்தான் அதை வாங்கவில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வீட்டு முற்றத்தில் அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "மறுபடியுமா?"

"நடுக்கிளை. புகைபோக்கியாம்."

அக்கா சட்டையை மடித்தாள். "ம்."

"ம்னா? உனக்கும் தெரியுமா?"

"கண்ணு இருக்கில்ல எனக்கு. முதல்ல வந்த தளிராச்சே, அதான் விட்டு வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். உலக்கைன்னு சொன்னதுக்கே ஒரு நாள் பட்டினி கிடந்தீங்க. இதைச் சொல்லி யாரு வாங்கிக் கட்டிக்கறது?"

அவர் ரம்பத்தை எடுத்து வந்தார். அறுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கையில் அந்தக் கிளையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதன் நுனியில் வசந்தத்துக்கான மொட்டுகள் தயாராக இருந்தன. பிறகு அதைக் குப்பைப் பையில் போட்டார். மரத்தின் நடுவில் வானம் தெரிந்தது. அசிங்கமாக இருந்தது. எனக்கே பொறுக்கவில்லை.

"கண்காட்சிக்கு வர்றவங்களை வர வேண்டாம்னு சொல்லிடுங்க அத்தான்."

"சொன்னா காரணம் கேப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை மூன்று டிரைவர்கள் வந்தார்கள். முதலில் கூடத்துக்குப் போய்த் தேடிவிட்டு, இல்லையென்றதும் நேரே வீட்டுக்கு. அக்கா ஓதென் குழம்பு கொதிக்கவைத்திருந்தாள். முள்ளங்கி வாசனை தெருவரை வந்தது. மூவரும் முற்றத்தில் மரம் வைத்திருந்த பலகையைச் சுற்றி, கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்கள். பெரியவர்கள் இருவரும் தலையாட்டினார்கள். கடைசியில் சேர்ந்த ஹயசாகா என்கிற பையன் மட்டும் குனிந்து பார்த்தான்.

"என்னண்ணே இது, நடுவுல பல்லு விழுந்த மாதிரி இருக்கு?"

அக்காவின் கரண்டி நின்றது. பெரியவர் ஒருவர் அவன் காலை மிதித்தார்.

அத்தான் அவனையே பார்த்தார். "ஆமா. நேத்து நான்தான் பிடுங்கினேன்."

"திரும்ப அடையுமா?"

"பக்கத்துல இருக்கற ரெண்டும் உள்பக்கமா வந்து, பிரிஞ்சு, நிறையணும். அஞ்சு வருஷம். ஆறுகூட ஆகும்."

"அப்ப உங்களுக்கு என்ன வயசு..."

"உள்ள போய் சாப்பிடு."

அவர்கள் உள்ளே போனார்கள். இவர் போகவில்லை. காற்றில் குந்தி உட்கார்ந்து, இரண்டு பக்கத்துக் கிளைகளையும் நடுவுக்கு இழுத்துக் கட்டப் பார்த்தார். ஓட்டை பெரியது, கிளைகள் வருஷக்கணக்காக வெளியே போய்ப் பழகினவை, எளிதில் வளைவதாக இல்லை.

"மாப்ள, இதைப் பிடி. அழுத்தாதே. அழுத்தாதேன்னு சொன்னேன்ல?"

"நான் அழுத்தல அத்தான், காத்து."

கயிறு அறுந்தது. அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. பஸ்ஸுக்குக் குறுக்கே சைக்கிள் விழுந்தபோதுகூட அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் பல்லால் இன்னொரு துண்டுக் கயிறு கடித்து எடுத்தார்.

"பிடி" என்றார்.