மூன்றாம் கிணற்றில் ஏறிய முப்பத்தோரு சென்டிமீட்டர்

பினாங்குக்கு வடகிழக்கே, கோலா கெத்தில் பட்டணத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் குழந்தைவேலு கிணறு அளக்கிறார். காலை எட்டு மணிக்கு ஒருமுறை, மாலை ஐந்து மணிக்கு ஒருமுறை. தொடங்கிய தேதி 2003 ஜூன் 2, திங்கட்கிழமை. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. இப்போது அறுபத்தேழு. இடையில் நான்கு மேனேஜர்கள் வந்து போய்விட்டார்கள். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று.

தோட்டத்து நாற்றுப்பண்ணைக்கும் ஆலைக்கும் பூமிக்கடியிலிருந்துதான் தண்ணீர் இறைக்கிறார்கள். அதனால் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதற்காக, இறைக்காமல் விட்டுவைத்த குழாய்க் கிணறுகள் மூன்று. முதல் இரண்டும் ஆழமில்லாதவை. மூன்றாவது கிணறு பாறைக்குள் இறங்கியது. மாதக் கடைசியில் அளவுத்தாள் அரசாங்க இலாகாவுக்குப் போக வேண்டும். அது சரியாக இருந்தால்தான் இறைக்க அனுமதி.

அளக்கும் முறையில் வித்தை ஒன்றும் இல்லை. இரும்பு டேப்பின் அடிப்பக்கம் ஒன்றரை மீட்டருக்குச் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, ஏழு மீட்டர் கோடு குழாய் வாயில் நிற்கும்வரை உள்ளே விட்டு எடுப்பார். சுண்ணாம்பு நனைந்த உயரத்தை ஏழிலிருந்து கழித்தால் தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்று தெரிந்துவிடும். எண் குறைந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. சட்டைப்பையில் வைத்திருக்கும் சின்ன நோட்டில் அதை அங்கேயே குறித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் பெரிய நோட்டில் மையால் எழுதுவார்.

அவரும் மனைவி செல்லாயியும் இருப்பது தோட்டத்து வீடு. வேலை இருக்கும்வரை வீடு. ஏப்ரலில் வேலையைப் புதுப்பிக்க வேண்டும். ஆளுக்குப் பதில் தானாக அளக்கும் கருவியை வைத்துவிடலாமா என்று மேலிடத்தில் இரண்டு வருடமாகப் பேச்சு. மாத அளவில் ஒரு பிசகு போதும், ஆள் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

இப்படியிருக்கையில்தான் 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை வந்தது.

காலையில் மூன்றாம் கிணறு 6.42. மாலை ஐந்து மணிக்கு டேப்பை எடுத்தபோது நனைந்த கோடு 0.89-இல் நின்றது. ஏழில் போனால் 6.11. ஒன்பது மணி நேரத்தில் முப்பத்தோரு சென்டிமீட்டர் ஏற்றம். மழைமானி காய்ந்து கிடந்தது. டேப்பைத் துடைத்து, மறுபடி சுண்ணாம்பு தேய்த்து விட்டார். 6.11. மூன்றாம் முறையும் அதேதான். டேப்பின் நுனியில் மெல்லிய சேறு ஒட்டியிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கிணற்றில் சேற்றைப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. முதல் இரண்டு கிணறுகளிலும் காலை இருந்த அளவேதான் இருந்தது.

கண்தான் போய்விட்டதோ என்று முதலில் தோன்றியது. அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல அலுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து காப்பியைக் கையில் எடுத்தபோது, பாக்கார் ஆராங்கில் இருக்கும் மகள் ஷீலா போன் செய்தாள். செல்லாயி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, நீங்க ஆடினீங்களா?"

"என்னத்துக்கு ஆடணும்?"

"பர்மாவுல பெரிய நிலநடுக்கம்ப்பா, ரெண்டே கால் இருக்கும். பினாங்குல மாடியில இருந்தவங்கல்லாம் கீழ ஓடி வந்துட்டாங்களாம். எங்க ஃபேக்டரியில சுனாமி வருமான்னு ஒரே கூச்சல் லா."

"உங்கப்பாவா? அவரு எதுக்கும் ஆடாத மனுஷன்" என்றாள் செல்லாயி. "நான் கத்தினாக்கூட ஆட மாட்டாரு."

குழந்தைவேலு சிரிக்கவில்லை. சுனாமி என்ற சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. காப்பியை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து 2004-ஆம் வருடத்துப் பெரிய நோட்டை எடுத்தார்.

டிசம்பர் 26, ஞாயிறு. மூன்றாம் கிணறு: காலை 6.05, மாலை 6.05. மறுநாள் 6.06. வழுவழுவென்று ஒரு பிசிறும் இல்லாத எண்கள். அவருடைய கையெழுத்துதான். அந்த மாலை எண்ணும் அதற்கடுத்த எண்களும் பொய் என்பதை இன்று நினைவில் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

அன்று மாலையும் தண்ணீர் ஏறியிருந்தது. சின்ன நோட்டில் உள்ளபடியே எழுதிக்கொண்டு, திங்கட்கிழமை காலை ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குத் தலைவரான பெரிய கிராணி பரஞ்சோதியிடம் காட்டினார். பரஞ்சோதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சம்சு போட்டுட்டு அளந்தியா? மழை இல்லாம எப்பிடிறா தண்ணி ஏறும்? காலையில இருந்ததையே சாயங்காலத்துக்கும் எழுதி வை, போ."

குழந்தைவேலு சாராயத்தைத் தொட்டவரே இல்லை. அந்த வார்த்தை சுட்டது. ஆபீசில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 6.05 என்று எழுதினார். அடுத்த சில நாட்களின் எண்களையும் அதற்கு ஒத்துப்போகும்படி இழுத்துவிட்டார். கடலோரத்துச் சாவுகளைப் பற்றியே ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தது. உள்நாட்டில் ஒரு குழாய்க்குள் தண்ணீர் ஏறியதை யார் நினைத்தார்கள்?

போகி தோறும் பழைய பாய், தேய்ந்த விளக்குமாறு இவற்றோடு அந்த வருடத்துச் சின்ன நோட்டுகளையும் எரித்துவிடுவது அவர் வழக்கம். பெரிய நோட்டில்தான் ஏறிவிட்டதே, அழுக்குப் பிடித்தவை எதற்கு? பதினெட்டாவது நாள், 2005 ஜனவரி 13, உண்மையான எண்ணும் அப்படியே நெருப்பில் போயிற்று. அது என்ன எண் என்று இப்போது யோசித்து யோசித்துப் பார்த்தார். இருபது சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருந்தது. அதற்கு மேல் நினைவில்லை.

சனிக்கிழமை காலை மூன்றாம் கிணறு 6.14. 2004 நோட்டையும் இந்த வருடத்து நோட்டையும் மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

அளவுத்தாளைப் பார்க்கும் அதிகாரி ஐமன். முப்பது வயதுத் தமிழ் முஸ்லிம் பையன். திங்கட்கிழமை நோன்புப் பெருநாள். மத்தியானம் கோலா கெடாவில் அம்மா வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவன், உதடு காய்ந்துபோய்க் கணினி முன் உட்கார்ந்திருந்தான்.

"என்னண்ணே இது? காலையில 6.42, சாயங்காலம் 6.11. மழையா?"

"ஒரு சொட்டுகூட இல்ல தம்பி."

"அப்ப சாலா லா, தப்பு. சரியா ஒரு அடி வித்தியாசம் வருது பாருங்க. டேப்பை வேற கோட்டுல பிடிச்சிருப்பீங்க. அதுவும் இந்த ஒரு கிணத்துல மட்டும்!"

"மூணு தடவை விட்டேன். இன்னிக்குக் காலையிலயும் மேலதான் நிக்குது. பர்மாவுல ஆடுச்சில்ல?"

ஐமன் நாற்காலியில் சாய்ந்தான். "பர்மா எங்க, கெத்தில் எங்கண்ணே?"

"பினாங்குல மனுஷன் மாடியிலேருந்து கீழ ஓடினான்ல. குழாய்க்குள்ள இருக்கிற தண்ணி எங்க ஓடும்? மேல ஏறுச்சு."

ஐமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நோன்பு நேரத்துல சிரிக்க வைக்காதீங்க, தாகம் எடுக்குது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, ஏப்ரல்ல உங்க பேரு வருது. இந்த நேரத்துல இப்பிடி ஒரு எண்ணு போனா, கிழவனுக்குக் கண்ணு தெரியலைம்பாங்க. 6.42-ன்னு போட்டுறேன். இல்லாட்டி முன்னாடி இந்த மாதிரி ஏறினது ஒண்ணாவது இருக்கா? உங்க நோட்டுலேருந்து காட்டுங்க, கூட வச்சு அனுப்புறேன். அப்ப நம்புவாங்க."

குழந்தைவேலு 2004 நோட்டை மேசைமேல் வைத்துத் திறந்தார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் அன்று காலையில்தான் எழுதியிருந்தார்: 'டிசம்பர் 26 மாலை முதல் 31 வரை மூன்றாம் கிணற்றின் எண்கள் அளந்தவை அல்ல. நான் மாற்றி எழுதியவை. அளந்தவை எரிந்துவிட்டன. குழந்தைவேலு, 29.3.2025.'

ஐமன் இரண்டு முறை படித்தான்.

"யாராச்சும் கேட்டாங்களா உங்கள?"

"இல்ல."

"அப்புறம் ஏண்ணே? இதை அனுப்பினா, இந்த ஒரு நாள்தானா, இன்னும் எத்தனை நாள் இப்பிடி எழுதினாருன்னு கேப்பாங்க. இருபத்திரண்டு வருஷத்து நோட்டும் போச்சு. வீடும் போயிரும்ணே."

"மத்த நாள் எதையும் மாத்தல."

"அது எனக்குத் தெரியும். அவங்களுக்கு?"

குழந்தைவேலு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முட்டி வலித்தது, உட்காரலாமா என்று கேட்டார். ஐமன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"தம்பி, அன்னிக்கும் இதே மாதிரிதான் சரி பண்ணச் சொன்னாங்க. பண்ணினேன். இப்ப நீ ஒண்ணு கேட்ட, காட்ட ஒண்ணும் இல்ல. நேத்து உள்ளதையும் மாத்திட்டா, நாளைக்கு இன்னொருத்தன் கேக்கிறப்பவும் ஒண்ணும் இருக்காது. ரெண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பிரு."

"கெராஸ் லா நீங்க" என்றான் ஐமன். ரொம்பப் பிடிவாதம் என்று அலுத்துக்கொண்டே படம் எடுத்தான். அளவுத்தாளில் 6.11 என்றே போட்டு அவரிடம் கையெழுத்து வாங்கினான். பெருநாளன்று சாப்பிட வரச் சொன்னான்.

மேலிடத்துப் பதில் ஏப்ரல் 17 வியாழக்கிழமை வந்தது. ஐமன் வீட்டுக்கே வந்து வாசலில் நின்றபடி சொன்னான். தூரத்து நிலநடுக்கத்தின் அலை பாறையை நெருக்கும்போது, பாறைக்குள் அடைபட்ட நீர் குழாய் வழியாக ஏறுவது உண்டாம். ஆழமில்லாத கிணறுகளில் அது தெரியாமல் போகலாமாம். 6.11 என்பதை ஏற்றுக்கொண்டார்கள். பழைய நோட்டுகளை மட்டும் இனி ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஜூலை ஒன்று முதல் கருவி.

"ஜூன் முப்பது வரைக்கும் வீட்டுல இருக்கலாம்ணே. அதுக்கு மேல நான் கேட்டுப் பார்த்தேன், முடியல. மன்னிச்சிருங்க."

"நீ என்ன செய்வ. உக்காரு, தண்ணி குடி."

அவன் போன பிறகு செல்லாயி கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஒரு எண்ணை ஒத்துக்கிட்டாங்க, மத்த அத்தனையையும் தள்ளிட்டாங்க. வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்."

"ஷீலா வீட்டுல ஒரே ஒரு குளியலறை. காலையில ஆறு பேரு வரிசையில நிக்கணும். உங்க முட்டிக்கு அது ஆகுமா?"

"ஆகாதுதான்."

அவள் உள்ளே போனாள். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. மணி நாலு ஐம்பது. குழந்தைவேலு கையை ஊன்றி எழுந்து, டேப்பையும் சுண்ணக்கட்டியையும் எடுத்துக்கொண்டு மோட்டாரைத் தள்ளினார். மூன்றாம் கிணறு அன்று மாலை 6.38. எழுதிக்கொண்டார்.