திருவோணத்தன்று வந்த பதினைந்தாவது அறிவிப்பு

திருவோணத்தன்று வேலைக்கு யார் வருவது என்ற பேச்சு அந்த அலுவலகத்தில் எழுவதே இல்லை. ப்ரசீதா வருவாள். ஏழு வருடங்களாக அப்படித்தான். அம்மா போன பிறகு, பெரும்பாவூர் வீட்டில் இலை போட்டு உட்கார இன்னொருவர் இல்லை. மற்றவர்களுக்கு வீடு இருந்தது. அவளுக்குக் காக்கநாட்டில் அந்த எட்டாவது மாடி அறை இருந்தது. பல மருத்துவமனைகளின் கணினிகளுக்குள் யார் நுழைகிறார்கள் என்று அங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

காலை பதினொன்று இருபத்திரண்டுக்குத் திரை சிவந்தது. திருச்சூர் மருத்துவமனை ஒன்றின் பதிவேட்டு எழுத்தர் அச்சுதன்குட்டி. பத்து நிமிடம் முன்பு திருச்சூரில் இருந்தவரின் கணக்கு, இப்போது கடல் கடந்த ஏதோ ஊரில் திறந்திருந்தது. நுழைய அனுமதி கேட்டு அவர் போனுக்குப் பதினான்கு அறிவிப்புகள் போயிருந்தன. பதினைந்தாவதற்குச் சம்மதம் கொடுத்திருந்தார்.

ப்ரசீதா முதலில் கணக்கை முடக்கினாள். திறந்திருந்த இணைப்புகளையெல்லாம் துண்டித்தாள். பிறகுதான் போனை எடுத்தாள்.

"அச்சுதன்குட்டி சேட்டனா? கண்காணிப்பு மையத்துலருந்து ப்ரசீதா பேசறேன்."

"இன்னொருத்தரா? இப்பதான மோளே உங்க ஆளு பேசினாரு. தங்கமான மனுஷன். ஓணச் சாப்பாடு ஆச்சான்னு கேட்டாரு."

"வேற என்ன கேட்டாரு?"

"காலையிலருந்து போன் டிங்கு டிங்குன்னு உயிரை வாங்குச்சு. சம்மதம்னு அமுக்குங்க, நின்னுடும்னாரு. அமுக்கினேன், நின்னுடுச்சு."

"சேட்டா, அவர் எங்க ஆளில்ல."



"அப்ப நீ யாரு?"

"என்னையும் நம்பாதீங்க. போனை வெச்சுட்டு, உங்க அடையாள அட்டைக்குப் பின்னாடி இருக்கற நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க."

வைத்துவிட்டார். ப்ரசீதா காத்திருந்தாள். அதற்குள் அவர் மின்னஞ்சல் பெட்டியைத் துழாவினாள். வருகிற கடிதமெல்லாம் வெளி முகவரி ஒன்றுக்கும் போகும்படி திருடன் ஏற்பாடு செய்திருந்தான்; அதை அழித்தாள். நோயாளிகளின் பதிவேடுகள் வரை அவன் போகவில்லை. பதினோரு நிமிடம். அந்த அறையில் மணி அடிக்காதா என்று அவள் இப்படி ஒருநாளும் தவித்ததில்லை.

அடித்தது.

"அட்டை வேற சட்டையில கிடந்துச்சு மோளே. வேலை போயிடுமா? ஓய்வுக்கு எட்டு மாசம்தான் இருக்கு."

"நடந்ததை நடந்தபடி எழுதுவேன். நீங்க எதையும் மறைக்கலைன்னும் எழுதுவேன்."

புதிய கடவுச்சொல் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். எல்லாம் முடிந்தும் அவர் போனை வைக்கவில்லை.

"இருபது நிமிஷம் பேசினான். வைக்க மனசே வரல. பொண்ணு கனடாவுல இருக்கா, நான் ஒண்டிக்கட்டைன்னு எல்லாத்தையும் அவன்கிட்ட கொட்டிட்டேன்."

சாப்பிட்டீங்களா சேட்டா என்று கேட்க ப்ரசீதாவுக்கு வாய் வரை வந்தது. அந்தக் கேள்வியை அவன் ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தான். இனி யார் கேட்டாலும் அவருக்கு அவன் குரல்தான் ஞாபகம் வரும்.

"வெச்சிடறேன் சேட்டா," என்றாள்.

அறிக்கையில் ஒரு கட்டம்: பயனர் ஏன் அனுமதித்தார்? கவனக்குறைவு, அறியாமை, பிற. அவள் 'பிற' என்பதைத் தொட்டு, "பண்டிகை நாளில் வீட்டில் தனியாக இருந்தார்" என்று எழுதினாள்.

மறுநாள் மேலாளர் மேத்யூஸ் சிரித்தார். "என்ன ப்ரசீதா, இதையெல்லாமா எழுதுவாங்க?"

"காரணம் அதுதான் சார்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். வரியை அடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அச்சுதன்குட்டி மீது நடவடிக்கை எதுவும் வரவில்லை. மூன்று அறிவிப்புகளுக்கு மேல் போனால் கணக்கு தானாகவே பூட்டிக்கொள்ளும்படி மருத்துவமனை மாற்றிவிட்டது. அதன் பிறகு அவர் பெயர் ப்ரசீதாவின் திரையில் ஒருமுறைகூடச் சிவக்கவில்லை. நல்லதுதான். ஆனாலும் திருச்சூரிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம், முதல் மணியிலேயே அவள் எடுத்துவிடுவாள்.